அலமாரியின் கீழ்த்தட்டை ஒழிப்பது
'ஒழி' என்றால் அழிப்பது மட்டும்தான், வீட்டுச் சாமான்களுக்கு 'ஒழுங்குபடுத்து' என்றே எழுதவேண்டும் என்கிறார் சொற்பயன்பாடு பற்றிய ஒரு கட்டுரையை எழுதியவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் அத்தை வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிப் பார்க்கட்டும். ஐப்பசி பிறந்ததும் அத்தை முதலில் சொல்வது, "கீழ்த்தட்டை ஒழிச்சு வைடா, கெடிலம் ஆத்துல வெள்ளம் எப்ப வரும்னு தெரியாது" என்பதுதான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் குரலில் அவசரம் கூடிவிட்டது. அரிசி டின்னைக் கட்டில் மேல் ஏற்றுவேன், பத்திரங்கள் இருக்கும் டிரங்குப் பெட்டி பரணுக்குப் போகும், பரணில் இருந்த பித்தளை அண்டா கீழே இறங்கும் (நனைந்தால் அதற்கென்ன). இதில் அழிந்தது எது? தட்டு காலியாகிறது, அவ்வளவுதான். பாத்திரம் ஒழித்துப் போடு என்றால் மிச்சக் குழம்பைக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டுத் தேய்க்கப் போடு என்று அர்த்தம். கை ஒழியவில்லை என்றால் வேலையாக இருக்கிறேன். 'பழித்தது ஒழித்து விடின்' என்று முடியும் 280ஆவது குறளிலும் விலக்குவதுதான் பொருள். கொசு ஒழிப்பு, ஊழல் ஒழிப்பு என்று சுவரில் படித்துப் படித்து நமக்கு அழிப்பது மட்டும் மனதில் நின்றுவிட்டது போல. அந்தக் கட்டுரையின் பின்னூட்டத்தில் ஒருவர் 'ஒதுக்கு' போதுமே என்று கேட்டிருக்கிறார். அது வேறு, ஒதுக்கினால் சாமான் ஓரத்துக்குப் போகும், தட்டு காலியாகாது. 'ஒழுங்குபடுத்து' போக்குவரத்துக் காவலருக்குச் சரி. அத்தை அப்படிச் சொன்னால் நான் அலமாரியை விட்டுவிட்டு வரிசையில் போய் நின்றுவிடுவேன்.