பெரிய கோயில் நிழல் தரையில் விழும்

"தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் (கருவறை மேல் உள்ள கோபுரத்தின்) நிழல் எந்த நாளும் தரையில் விழாது, நந்தியையும் ராஜராஜனே வைத்தான்" என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டுமே தவறு.

நிழல் விழும். காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே நீண்டு கிடப்பதை அங்கே போகிற யாரும் பார்க்கலாம். விமானம் சுமார் 200 அடி உயரம். அதன் அடிப்பகுதி அகன்று, மேலே போகப் போகக் குறுகும். ஆகவே சூரியன் உச்சிக்கு நேராக வரும் நாட்களில் நண்பகல் நிழல் அந்த அகன்ற அடிக்குள்ளேயே அடங்கிவிடும். நிழல் விழாது என்ற நம்பிக்கை அதிலிருந்து கிளைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது நண்பகலிலும் வடபுறம், சண்டிகேசுவரர் சன்னதிப் பக்கம், தரையில் நிழல் கிடக்கும். கேமராவோடு போய்ப் பாருங்கள்.

இப்போதுள்ள பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. முருகன் சன்னதியும் அப்படியே.

வருத்தம் என்னவென்றால், இந்தக் கதையைச் சொல்லும்போது உண்மையான அதிசயம் மறைந்துபோகிறது. "நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ஓர் அரசன் ஆணையிட்டிருக்கிறான். தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமான உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்ததும் (பொ.ஆ. 1010) கல்வெட்டில் இருக்கிறது. கட்டிய தச்சன் குஞ்சரமல்லனுக்குத் தன் பெயரையே சேர்த்து 'ராஜராஜப் பெருந்தச்சன்' என்ற பட்டமும் தந்தான். பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது அந்தச் சுவரெழுத்துகளைக் காட்டுங்கள்.