கிண்டர் ஸ்கௌட்டின் உச்சியில் ஒன்றுமில்லையா?

“636 மீட்டர்தான் உயரம், உச்சியில் பார்க்க ஒன்றுமில்லை” என்று இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியிலுள்ள கிண்டர் ஸ்கௌட் மலையை உங்கள் இதழில் வந்த கட்டுரை ஒரே வரியில் தள்ளிவிட்டது வருத்தமளிக்கிறது. அங்கே கூரான சிகரம் கிடையாது, உண்மைதான். மக்கிய தாவரங்களாலான கருஞ்சதுப்பு மேடு விரிந்து கிடக்கிறது. அந்த மேட்டில் கால்வைக்கும் உரிமைக்காகத்தான் 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பகுதித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் தடையை மீறி ஏறினார்கள். பறவை வேட்டைக்காக நிலவுடைமையாளர்கள் அடைத்து வைத்திருந்த மலை அது! ஐந்து இளைஞர்கள் சிறை சென்றார்கள். முன்னின்று நடத்திய பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20. பின்னர், 1951இல், பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. ஆலைப் புகை கெடுத்த அந்தச் சதுப்பில் இப்போது பாசி நட்டு மண்ணை மீட்டு வருகிறார்கள். அங்கே போகும் வாசகர்கள் கல் பாவிய பாதையை விட்டு இறங்க வேண்டாம்.