14.1-உம் ஒரு நாள் கொழுந்தும்

ஓடுகிற சாமானில் கை வைக்காதே என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்களில் நானும் ஒருவன். இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து நிறுவைக் கணக்குக்கு ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தேன். உள்ளே டேட்டாவைச் சேமித்து வைப்பது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ், பதிப்பு 14.1. 2021 கடைசியில் அதுதான் புதுசு. போட்டேன், ஓடியது, அப்புறம் அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை.

2023 ஜூலை, நல்ல மழை. தேடல் மந்தமாக இருக்கிறதே என்று பகல் நிறுவை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு இன்டெக்ஸ் போட்டேன், அதாவது வரிகளைச் சட்டென்று கண்டுபிடிக்க உதவும் அகராதி போன்ற ஒரு பட்டியல். வேலையை மறிக்காமல் போடுவதற்குத்தானே 'கன்கரண்ட்லி' என்ற வழி இருக்கிறது! பின்னேரம் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா, நிறுவை நடக்கும் மடுவத்தில் வந்து நின்றார். "தம்பி, மூணு நிறுவையும் போட்டேனே, எனக்குப் பேர் விழல்லியா?" பேர் விழுவது என்றால் அன்றைய நாள் சம்பளம் பதிவாவது. அவருடைய நம்பரைத் தட்டினால் ஒன்றுமே வரவில்லை. ஆனால் அன்றைய மொத்தக் கிலோவில் அவருடைய 21 கிலோவும் இருக்கிறது. கொழுந்து உண்டு, பறித்த ஆள் இல்லை.

இரவு உட்கார்ந்து தேடினால், தெரிந்த வழுதான். 14.0 முதல் 14.3 வரை, அப்படிப் போடும் இன்டெக்ஸில் அந்த நேரத்தில் மாறிக்கொண்டிருக்கும் வரிகள் விடுபடலாம். எங்கள் அட்டவணையில் ஓர் ஆளின் வரி ஒரு நாளில் மூன்று முறை மாறும். வரி பத்திரமாக இருக்கும், இன்டெக்ஸ் வழியாகப் போனால் மட்டும் கிடைக்காது. 2022 ஜூனிலேயே 14.4 வந்து இதைச் சரிசெய்துவிட்டது. நான்தான் ஒரு வருஷமாகத் தூங்கியிருக்கிறேன். 14.4-ஐப் போட்டாலும் கெட்டுப்போன இன்டெக்ஸ் தானாகத் திருந்தாது, ரீஇன்டெக்ஸ் செய்து அதைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

அதனால் இப்போது யாராவது "எந்த வெர்ஷன் ஸ்டேபிள்?" என்று கேட்டால், புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் என்ன என்று திருப்பிக் கேட்கிறேன். போஸ்ட்கிரெஸில் பெரிய பதிப்பு (14, 17 போல) வருஷத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷ ஆதரவு. புதுப் பெரிய பதிப்பில் .2, .3 வரும்வரை பொறுப்பேன். புள்ளிக்குப் பின்னால் மட்டும் மாறும் சின்னப் பதிப்பு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும், அதைத் தள்ளிப்போடுவதற்குச் சாக்கே இல்லை. டேட்டாவைக் கழற்றி ஏற்ற வேண்டியதில்லை, புதியதை நிறுவி ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான்.

வந்த அன்றைக்கே போடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2024 நவம்பர் 14-இல் வந்த 17.1, கூடச் சேர்த்துப் போடும் துணை மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்கள் சிலவற்றை உடைத்தது, ஒரே வாரத்தில் 17.2 வந்தது. இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லில், புது வசதிகளை அடிக்கடி கொண்டுவரும் புதுமைப் பதிப்புகளை விட்டு, நீண்ட கால ஆதரவுள்ள 8.4 எல்டிஎஸ்ஸை எடுப்பதுதான் புத்தி. ஆனால் 2024 ஜூலையில் அந்த 8.4.1-உம், பத்தாயிரத்துக்கு மேல் அட்டவணை இருந்தால், ரீஸ்டார்ட்டில் விழுந்தது. காற்றடித்தால் கரண்ட் போகிற ஊரில் ரீஸ்டார்ட் எப்போது வரும் என்று யார் கண்டது? இரண்டு வாரம் பொறுத்து, அலுவலகத்துப் பழைய கம்பியூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுகிறேன்.

அந்த அக்காவுக்கு அன்றைக்கு அரைப் பேர்கூட (அரை நாள் சம்பளம்) விழாமல் போயிருக்கும். நல்லவேளை, கணக்கப்பிள்ளையின் கொப்பியில் 21 கிலோ என்று பென்சிலில் இருந்தது. அங்கே இப்போது 17 ஓடுகிறது, சின்னப் பதிப்புகளும் விடாமல் ஏறுகின்றன. கணக்கப்பிள்ளை இன்னும் கொப்பியில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.