பாத் நகரத்துச் சதுக்கத்தில் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், அது அப்படியே இருக்கட்டும்

ஊரிலிருந்து யார் வந்தாலும் பாத் நகரத்துக்கு அழைத்துப் போகிறேன். நான் இருப்பது இங்கிலாந்தின் பிரிஸ்டலில். ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் பாத். வருகிறவர்கள் ரோமானியக் குளியல் கூடத்தைப் பார்ப்பார்கள், ராயல் கிரசென்ட் என்கிற பிறை வடிவ வீட்டு வரிசைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு டிக்கெட்டே கிடையாது. அபே சர்ச்யார்ட் என்கிற சதுக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அன்றைக்கு யார் வாசிக்கிறார்களோ அவர்களைக் கேட்பதுதான் அது. அதைப் பற்றியும், அங்கே வாசிக்க லைசென்ஸ் வேண்டும், தேர்வு வேண்டும் என்கிற பேச்சைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சதுக்கம் பெரியது இல்லை. கிழக்கே பாத் அபே தேவாலயத்தின் முகப்பு. இப்போது நிற்கும் கட்டடம் 1499இல் தொடங்கியது. வாசலுக்கு இரண்டு பக்கமும் உயரமான கல் ஏணிகள், அவற்றில் தேவதூதர்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருப்பார்கள். தெற்கே பம்ப் ரூம் என்கிற பழைய கூடம், வடக்கே கடைகள், மேற்கே ஒரு தூண் வரிசை. அதைத் தாண்டினால் ஸ்டால் ஸ்ட்ரீட். சுற்றிலும் தேன் நிறத்துப் பாத் கல். கார் சத்தம் இல்லை. ஒலி வெளியே ஓடிவிடாமல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். மைக் இல்லாத ஒற்றை வயலின்கூட அந்தக் கோடி வரைக்கும் தெளிவாகக் கேட்கும். கச்சேரி மண்டபம் கட்டுகிறவர்கள் லட்சக்கணக்கில் செலவழித்துத் தேடுவது இங்கே தானாக அமைந்திருக்கிறது. கிளாசிக்கல் கிட்டார் கேட்டிருக்கிறேன், செல்லோ கேட்டிருக்கிறேன். ஒரு பெண்மணி இத்தாலிய ஆப்பெரா பாட்டை எடுத்து மேல் ஸ்தாயிக்குப் போனபோது சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் கையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். மாணவர்கள் நாலு பேர் வாத்தியமே இல்லாமல் குரல்களை மட்டும் அடுக்கிப் பாடிவிட்டுப் போவார்கள்.

இந்தச் சதுக்கத்தின் தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம், பம்ப் ரூமுக்குள், டீ குடிக்க வருகிறவர்களுக்காகப் பியானோவும் வயலினும் செல்லோவும் வாசிக்கும் குழு உண்டு. நீண்ட மரபு அது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாத் நகரத்தின் விருந்தோம்பலைக் கையில் எடுத்த பியூ நாஷ், வருகிற கனவான்களிடம் சந்தா வசூலித்து லண்டனிலிருந்து வாத்தியக்காரர்களை வரவழைத்தார். உள்ளே காசு கொடுத்தவர்களுக்கு இசை, வெளியே கொடுக்காதவர்களுக்கும் இசை. இரண்டையும் வைத்திருக்கிற ஊர் என்பதால்தான் எனக்கு இதன் மேல் இவ்வளவு பிரியம்.

தெரு இசை இந்த ஊருக்கு நேற்று வந்தது இல்லை. பியூ நாஷ் காலத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் பாத்துக்கு வந்து இறங்கினால், முதலில் அபே மணிகள் முழங்கும். அப்புறம் நகரத்தின் சொந்த வாத்தியக்காரர்கள் அவர் தங்கும் வீட்டு வாசலுக்கே வந்து வாசித்து வரவேற்பார்கள். மணியடித்தவர்களுக்கு அரை கினி, வாத்தியக்காரர்களுக்கு அரை கிரவுன் அல்லது கொஞ்சம் கூட. இதுதான் வழக்கமான மரியாதை. காது வலிக்கிறது என்று எரிச்சல்பட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் இந்த ஊரில் பிழைத்ததும் இசையால்தான். ஆக்டகன் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, பாட்டு சொல்லிக்கொடுத்து, அந்த வருமானத்தில் தொலைநோக்கிக் கண்ணாடி தேய்த்தவர். 1781 மார்ச்சில் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்துதான் அந்தக் கோளைப் பார்த்தார். இசைக்காரருக்குக் காசு கொடுக்கும் பழக்கம் ஓர் ஊருக்கு என்னென்ன தரும் என்று முன்கூட்டி யாராலும் கணக்குப் போட முடியாது.

இதை நம் ஆட்களிடம் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். என் சித்தப்பா வந்திருந்தபோது ஹேண்ட்பேன் என்கிற, கையால் தட்டும் எஃகு வாத்தியத்தை வாசிக்கும் ஒருவர் முன்னால் நின்றோம். "ஏம்பா, பார்க்க நல்ல படிச்ச பையனாட்டம் இருக்கான், ரோட்டுல துண்டு விரிச்சு உக்காந்திருக்கானே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமான வருத்தத்தோடு சொன்னார். "சித்தப்பா, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்க, எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா?" என்றேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு "கடம்" என்றார். சரியாகத்தான் சொன்னார். அந்த வாத்தியத்தின் மூலவடிவமான ஹாங் 2000ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் உருவானது. ஸ்டீல் டிரம் செய்துகொண்டிருந்த பட்டறை அது. அங்கே ஒரு தாளக் கலைஞர் நம் கடத்தைக் கொண்டுபோய், இதே மாதிரி கையால் வாசிக்க வேண்டும், ஆனால் சுரங்களும் வர வேண்டும் என்று கேட்டதிலிருந்துதான் அது பிறந்தது. அடியில் இருக்கும் ஓட்டை கடத்தின் வாயைப் போலவே காற்றை அதிர வைக்கிறது. மானாமதுரை மண் பானையின் பேத்தி ஒன்று பாத் அபே வாசலில் பேசிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றியது.

தெருவில் வாசிப்பது பிச்சை இல்லை. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. பிச்சையில் கொடுப்பவரின் இரக்கம்தான் எல்லாம். இங்கே முதலில் கொடுப்பது வாசிப்பவர். அவர் முழுப் பாட்டையும் கொடுத்து முடித்த பிறகு நீங்கள் விலையை முடிவு செய்கிறீர்கள். ஒன்றும் கொடுக்காமல் நடந்தாலும் அவர் உங்களைத் தடுப்பதில்லை. தன் சரக்கின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்துக் கடை விரிக்கிறவர்களை வேறு எந்தத் தொழிலில் பார்த்திருக்கிறீர்கள்? மண்டபத்தில் டிக்கெட் எடுத்தவர் பிடிக்காவிட்டாலும் இடைவேளை வரை உட்காருவார். தெருவில் பிடிக்காதவர் அடுத்த அடியை எடுத்து வைத்துவிடுவார். அந்த ஓர் அடியை நிறுத்தி வைக்கிற திறமைக்கு மேடையில் கிடைக்கிற அதே மரியாதை கிடைக்க வேண்டும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். பாத் நகரத்தில் தெருவில் வாசிக்க லைசென்ஸ் தேவையில்லை. வாசிப்பவர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கிறார்கள், ஒருவர் முடித்துப் பெட்டியை மூடும்போது அடுத்தவர் வந்து நிற்பார். ஆனால் ஒலிபெருக்கிகள் மலிவாகவும் கையில் தூக்கிப் போகிற அளவுக்குச் சின்னதாகவும் ஆன பிறகு நிலைமை மாறிவிட்டது. தேவாலயத்துக்குள் பிரார்த்தனை நடக்கும்போது வெளியிலிருந்து ஸ்பீக்கர் சத்தம் வந்து மோதுகிறது என்று அபே தரப்பில் முறையிட்டார்கள். 2016ஐ ஒட்டி, பொது இட ஒழுங்குக்காக உள்ளூராட்சிகள் தடை உத்தரவு போட வழிசெய்யும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தை இங்கே பயன்படுத்தலாமா என்கிற பேச்சு கவுன்சில் வரைக்கும் போனது.

அபே சொல்வதில் நியாயம் இருக்கிறது. தெரு இசையை நேசிக்கிறவர்கள்தான் இதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு தரப்பும் காது கொடுக்க வேண்டிய இன்னொரு கூட்டமும் உண்டு: சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகளிலும் மாடி அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்கள். தெருவில் வாசிப்பவருக்குக் கூட்டம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிவிடும், அதனால் ஏழெட்டுப் பாட்டு இருந்தாலே போதும். மாடியில் இருப்பவருக்கு அந்த ஏழெட்டுப் பாட்டும் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதே விஷயம் நீதிமன்றத்துக்குப் போய், அது தொல்லைதான் என்று 2025இல் தீர்ப்பானது. அதன் பிறகு அங்கே தெரு இசை நிறுத்தி வைக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. லெஸ்டர் சதுக்கம் அடங்கிய வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் 2021 முதலே லைசென்ஸ் முறை உண்டு. குறித்த இடங்கள், குறித்த நேரங்கள், அட்டை, கட்டணம் எல்லாம் இருந்தும் பிரச்சினை தீரவில்லை. ஏன் என்றால் பிரச்சினை யார் வாசிக்கிறார் என்பதில் இல்லை, எவ்வளவு சத்தமாக, எவ்வளவு நேரம் என்பதில்தான். லைசென்ஸ் ஆளைத்தான் வடிகட்டும், சத்தத்தை வடிகட்டாது.

நான் சொல்வது இதுதான். அபே சர்ச்யார்டில் ஸ்பீக்கர் வேண்டாம். அந்தக் கற்கள் ஒருவரின் குரலைத் தூக்கிக்கொண்டு போகும்போது பேட்டரிப் பெட்டி எதற்கு? பின்னணி இசையைப் போனில் ஓடவிட்டு அதன் மேல் பாடுவது எனக்குப் பிடிக்கவும் இல்லை, அந்த இடத்துக்குப் பொருந்தவும் இல்லை. பிரார்த்தனை நேரத்தில் நிறுத்துங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்க வேண்டாம். இவ்வளவு போதும். 1864இல் லண்டனில் வந்த பழைய சட்டம்கூட இந்த வழியில்தான் யோசித்தது. கணினிக்கு முன்னோடியான இயந்திரத்தை வடிவமைத்த சார்லஸ் பாபேஜ் தன் வீட்டு வாசலில் ஆர்கன் பெட்டி சுற்றுகிறவர்களோடு பல வருஷம் மல்லுக்கட்டினார். அவரைப் போன்றவர்களின் புகாரால் வந்த அந்தச் சட்டம், வீட்டில் நோயாளி இருக்கிறார், வேலை கெடுகிறது என்று வீட்டுக்காரர் சொன்னால் வாசிப்பவர் அங்கிருந்து நகர வேண்டும் என்றது. முன்னால் இருக்கும் இன்ன மனிதருக்கு இன்ன தொல்லை என்று சொன்னால் நகர்வது நியாயம். முன்கூட்டியே ஒரு மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து நீ வாசிக்கலாம், நீ வாசிக்கக் கூடாது என்று தேர்ந்தெடுப்பது நியாயம் இல்லை. முதல் தடவையாகப் பயந்துகொண்டே பிடிலை எடுத்து வருகிற பதினாறு வயதுப் பெண் அந்த மேஜையைப் பார்த்தால் வீட்டுக்கே திரும்பிவிடுவாள். அவளைத் தேர்வு செய்ய வேண்டியது அந்த வழியாக நடந்து போகிறவர்கள்.

விழாக்கள் இருக்கின்றனவே, தெருக் கலைக்கு அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. விழாக்களை நானும் விடுவதில்லை. மே மாதத்தில் பாத் விழாவைத் தொடங்கிவைக்கும் பார்ட்டி இன் தி சிட்டி இரவில் தேவாலயம், பப், பூங்கா என்று ஊர் முழுக்க இலவச இசை. பாத் விழா 1948இல் தொடங்கியது. வயலின் மேதை யெஹூதி மெனுஹின் அதை நடத்திய காலத்தில், 1966இல், பண்டிட் ரவிசங்கரும் அவரும் அங்கே சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். மே கடைசியிலிருந்து ஜூன் வரை பாத் ஃப்ரிஞ்ச் என்கிற இன்னொரு கலை விழா நடக்கும். அதன் பகுதியாக வரும் பெட்லம் ஃபேரில் தெரு நாடகக்காரர்கள், கழைக்கூத்து, வித்தை காட்டுகிறவர்கள் எல்லோரும் நகர மையத்துக்கு வந்துவிடுவார்கள். ஒருவர் கயிற்றைத் தரையில் வட்டமாகப் போட்டு, முதலில் நாலு குழந்தைகளைப் பிடித்து உட்கார வைத்து, கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி எழுப்புவதைப் பாருங்கள். வித்தையே அதற்கு அப்புறம்தான் தொடங்கும். உச்சக்கட்டத்துக்குச் சற்று முன்னால் தொப்பியைப் பற்றிப் பேசிவிடுவார்கள், முடிந்த பிறகு பேசினால் கூட்டம் கலைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் விழா நாளில் எல்லோரும் கேட்பதற்கென்றே வருகிறார்கள். நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, விரல் நுனி வெட்டிய கையுறையோடு ஒருவர் கிட்டார் வாசிக்கும்போது யாரும் அப்படி வருவதில்லை. கடைக்குப் போகிற அவசரத்தில் நின்றுவிடுகிறவர்கள்தான் அன்றைய சபை. எனக்கு விழாவைவிட அந்தச் செவ்வாய்க்கிழமை முக்கியம். விழா அதிலிருந்துதான் ஆட்களை எடுக்கிறது.

போகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில விஷயம். லண்டன் பாடிங்டனிலிருந்து பாத் ஸ்பாவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், ஸ்டேஷனிலிருந்து அபேக்கு நடந்தே போய்விடலாம். இங்கே இப்போது யாரும் சில்லறை வைத்திருப்பதில்லை, அதனால் வாசிப்பவர்களில் பலர் கார்டு இயந்திரமோ கியூஆர் அட்டையோ வைத்திருக்கிறார்கள். 2018இல் லண்டனில் இதற்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். இருந்தாலும் கொஞ்சம் நாணயம் கொண்டுபோங்கள், குழந்தைகள் கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். வீடியோ எடுத்தால் கட்டாயம் காசு போடுங்கள். ஒரு பாட்டையாவது கடைசி வரை நின்று கேளுங்கள், முடிந்ததும் கை தட்டுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. வாசித்தது பிடித்திருந்தால் பெட்டிக்குப் பக்கத்தில் சிடி இருக்கிறதா, இணையத்தில் எந்தப் பெயரில் கேட்கலாம் என்று விசாரியுங்கள். அடுத்த வருடம் மே, ஜூனில் வருகிறவர்கள் ஃப்ரிஞ்ச் தேதிகளைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள், முடிந்தால் நானும் வருகிறேன்.