தூக்க நோய் மருந்து முகக் கிரீமிலிருந்து வந்ததா?

"பெண்களின் முகத்தில் வளரும் முடியைக் குறைக்கும் கிரீம்தான், தற்செயலாக ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு மருந்தானது" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. நடந்தது நேர் தலைகீழ்.

எஃப்லோர்னிதின் என்ற அந்த மருந்து 1970களில் புற்றுநோயை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. நியூயார்க்கின் பேஸ் பல்கலைக்கழகத்தில் தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோம் ஒட்டுண்ணியின் உயிர்வேதியியலை ஆராய்ந்துவந்தவர் சைரஸ் பாக்கி. ஒட்டுண்ணி பெருகுவதற்குப் பாலிஅமின்கள் என்ற, செல் வளர்ச்சிக்குத் தேவையான சிறு மூலக்கூறுகள் வேண்டும். அவற்றின் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் நொதியை எஃப்லோர்னிதின் முடக்கிவிடும். இதைத் தெரிந்தே சோதித்த பாக்கியின் குழு, எலிகளில் தொற்று குணமானதை 1980இல் வெளியிட்டது. தற்செயல் எங்கே வந்தது?

சரி, அதே நொதி நம் உடலிலும் இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் நம் செல்கள் அதை மளமளவென்று புதிதாகச் செய்துகொள்ளும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் காம்பியன்ஸ் வகை ஒட்டுண்ணியில் பழைய நொதியே நெடுநேரம் தங்குவதால், முடங்கினால் முடங்கியதுதான். கிழக்கே உள்ள ரொடீசியன்ஸ் வகை நொதியை வேகமாகப் புதுப்பிப்பதால் அங்கே மருந்து சரியாக எடுபடுவதில்லை. எவ்வளவு நுணுக்கமான வேறுபாடு!

அமெரிக்காவில் தூக்க நோய்க்கு அனுமதி கிடைத்தது 1990இல், கிரீமுக்கு 2000இல்தான்.

இடையில் லாபமில்லை என்று, தூக்க நோய்க்கான எஃப்லோர்னிதின் ஊசி மருந்தின் உற்பத்தி நின்றுபோனது உண்மை. நோயாளிகளுக்கு மிஞ்சியது, சிகிச்சையிலேயே சிலரைக் கொன்ற ஆர்செனிக் மருந்து மெலார்சொப்ரால். 2001இல் உலக சுகாதார நிறுவனத்துடனான ஒப்பந்தத்தின்படி எஃப்லோர்னிதின் இலவசமாகத் திரும்பியது.