கோர்ட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் போகும் நம்மவர்கள் பென் ஹில்ஸ் கோயில் பெருமாளைச் சேவித்து, புளியோதரையை ஒரு பிடி பிடித்துவிட்டு அப்படியே கார் ஏறிவிடுகிறார்கள். கிராண்ட் தெருவில் இருக்கும் அலிகெனி கவுண்டி நீதிமன்றத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள் என்றால், "கோர்ட்டில் பார்க்க என்ன இருக்கிறது?" என்கிறார்கள்.

சரி, சொல்கிறேன். அங்கிருந்த பழைய நீதிமன்றம் 1882இல் எரிந்துபோனது. புதிதாகக் கட்டும் பொறுப்பு கட்டடக் கலைஞர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சனுக்கு வந்தது. இரும்பு ஆலைப் புகையில் ஊரே கறுத்துக் கிடந்த காலம். பார்ப்பவர்கள் எல்லாரும் "கோட்டை மாதிரி இருக்கிறது" என்கிறார்கள். எனக்கென்னவோ, அந்த மனிதர் முதலில் கவலைப்பட்டது வெளிச்சத்துக்கும் காற்றுக்கும்தான் என்று தோன்றுகிறது. நம் தொட்டிக்கட்டு வீடு போல நடுவில் பெரிய முற்றம் விட்டு, அதைச் சுற்றிக் கட்டடத்தை எழுப்பினார். தெருப் பக்கமும் ஜன்னல், முற்றத்துப் பக்கமும் ஜன்னல். முகப்பில் நிற்கும் கோபுரமும் வெறும் அழகுக்கு இல்லை. புகைக்கு மேலே இருக்கும் நல்ல காற்றை இழுத்துக் கீழே அனுப்பத்தான் அவ்வளவு உயரம்.

சுவரெல்லாம் மாசசூசெட்ஸ் மில்ஃபோர்டிலிருந்து வந்த இளஞ்சிவப்பு கிரானைட். இழைத்து மினுக்காமல், உடைத்த கல்லின் கரடுமுரடான முகத்தை அப்படியே வெளியே காட்டியிருக்கிறார்கள். வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு கல்லின் நிழலும் தனியாகத் தெரியும். பின்னால் ராஸ் தெருவுக்கு மேலே ஒரு கல் பாலம், நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் நடுவே. தீர்ப்பு வாங்கிய கைதி தெருவில் கால் வைக்காமலே உள்ளே போய்விடுவான். (அந்தச் சிறை 1995இல் மூடப்பட்டது. இப்போது அங்கே குடும்ப நீதிமன்றம்!)

ரிச்சர்ட்சன் 1886இல், 47 வயதில் இறந்துவிட்டார். 1888இல் முடிந்த கட்டடத்தை அவர் பார்க்கவில்லை. டொரண்டோக்காரர்களே, உங்கள் பழைய சிட்டி ஹாலில் தெரிவது இதன் சாயல்தான்.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறொன்றில். 1913 வாக்கில் அங்கிருந்த மேட்டைச் சமன்செய்கிறோம் என்று கிராண்ட் தெருவை வெட்டித் தாழ்த்தினார்கள். தெரு என்றைக்காவது தாழும் என்று ரிச்சர்ட்சன் எதிர்பார்த்தே மண்ணுக்கு அடியிலும் கல்லை ஒழுங்காக முடித்து வைத்திருந்தார், அதனால் சுவர் அசிங்கப்படவில்லை. ஆனால் வாசல் ஒரு மாடி உயரத்தில் அந்தரத்தில் நின்றது. படிக்கட்டு கட்டினார்கள். அப்புறம் தெருவை அகலப்படுத்த வேண்டும் என்று 1928இல் அதையும் இடித்துவிட்டு, வாசலைக் கீழே தெருவரை இறக்கினார்கள். கார் போக வழி வேண்டுமாம்!

அதனால் இன்று நாம் நுழைவது அன்றைய பேஸ்மென்ட்டுக்குள். தாழ்ந்த கூரையையும் நெருக்கமான நடையையும் பார்த்து "இதற்கா வந்தோம்" என்று திரும்பிவிடாதீர்கள். நேராக ஒரு மாடி ஏறுங்கள். ரிச்சர்ட்சன் நம்மை வரவேற்க நினைத்த இடம் அதுதான். பெரிய படிக்கட்டும் கல் வளைவுகளும் அங்கேதான் தொடங்குகின்றன.