கார்புரேட்டரைக் கழுவினீர்களா?

இன்று காலையும் கேட்டுவிட்டார்கள். நடுச்சாலையில் மூச்சை விட்ட இந்தக் கிழட்டு வண்டியை ஓரமாகத் தள்ளி, உதைத்து உதைத்து முழங்கால் விட்டுப்போய் நிற்கிறேன். எங்கிருந்தோ ஒரு மனிதர் வந்தார். வண்டியை ஒருமுறை வலம் வந்தார். குனிந்தார். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதைக் கழற்றிக் கழுவினீர்களா?" என்றார்.

கழுவினேன் ஐயா. மூன்று வாரத்தில் ஏழு முறை கழுவினேன். அதே மூன்று வாரத்தில் நான் தலைக்குக் குளித்தது அதைவிடக் குறைவு.

நோயை விளக்க வேண்டியதில்லை, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் உதையிலேயே எழுந்துகொள்ளும். பத்துப் பதினொரு கிலோமீட்டர் வரை தங்கம். பிறகு தொண்டையில் முள் சிக்கியதுபோல ஒரு கமறல். ஆக்சிலேட்டரைத் திருகினால் முனகும். காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் சோக்கை இழுத்தால் இன்னொரு 200 மீட்டருக்கு உயிர் வரும், அதோடு சரி. ஆனால் பத்து நிமிடம் நிறுத்திவைத்து உதைத்துப் பாருங்கள், என்ன நடந்தது என்று நம்மையே கேட்பதுபோல ஓடும்.

சோக் இழுத்தால் உயிர் வருகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். அதுவரை எனக்கும் தெரியும். ஏன் போதவில்லை என்பதில்தான் ஊரே எனக்கு ஆசிரியராகிவிட்டது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளவாக விடும் மிதவை ஊசி ஒட்டிக்கொள்கிறது என்றார் ஒருவர். டேங்கில் துரு, அது இறங்கி வடிகட்டியை அடைக்கிறது என்றார் இன்னொருவர். எத்தனால் கலந்த பெட்ரோல் ரப்பர் குழாயை உள்ளே ஊதவைத்துவிட்டது என்றார் மூன்றாமவர். நண்பன் ஒருவன் மட்டும், "கார்புரேட்டர் கோளாறு என்று சொல்லப்படுவதில் பாதி மின்சாரக் கோளாறுதான், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் சூடாகிச் சாகிறது, ஆறினால் பிழைக்கிறது" என்று தத்துவம் பேசினான். காயிலையும் மாற்றினேன். குழாயையும் மாற்றினேன். வடிகட்டியையும் மாற்றினேன். கழுவுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஐந்தாம் கழுவலைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். தரையில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து, கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினேன். அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் நான்கு திருகுகள், மிதவை, அதன் ஊசி, பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் துண்டுகளான மெயின் ஜெட், கடைசியாகப் பைலட் ஜெட். அந்தப் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்குள் கம்பியை விடக்கூடாது, பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். காற்றடித்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி, வட்டமாக, சுத்தமாக. மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. அந்த நிறைவிலேயே ஜெட் விரலிலிருந்து நழுவியது. தரையில் ஒருமுறை குதித்த சத்தம் கேட்டது. இரண்டாவது சத்தம் கேட்கவே இல்லை. வீட்டிலிருந்த அலமாரி, செருப்பு, பூந்தொட்டி எல்லாவற்றையும் நகர்த்தி, காந்தத்தை வைத்துத் தேடி (பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்பது முக்கால் மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது), கடைசியில் என் சட்டையின் மடித்த கைக்குள்ளிருந்தே எடுத்தேன். மணி பதினொன்று.

எல்லாவற்றையும் பூட்டினேன். குழாயை மட்டும் பிடுங்கி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் டேப்பைத் திறந்தேன். பென்சில் கனத்துக்குக் கொட்டியது. ஆக, டேங்கிலிருந்து வரத்து அருமை, தவறு கார்புரேட்டரில்தான் இருந்திருக்கிறது, அதையும் கழுவியாயிற்று என்று முடிவு கட்டினேன். குழாயை மாட்டி உதைத்தேன். ஒரே உதை! வீட்டாரை அழைத்துச் சத்தத்தைக் கேட்கவைத்தேன். பன்னிரண்டு மணி வெயிலில், 11-ஆவது கிலோமீட்டரில், கமறியது.

இப்போது இன்று காலைக்கு வருவோம். அந்த மனிதர் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார், இவர்களில் யாரும் பதிலுக்காக நிற்பதில்லை. நான் வழக்கம்போல டேங்க் மூடியைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துச் சாலையில் ஒரு வண்டியும் இல்லை. உஸ்ஸ்ஸ் என்றது.

இந்தச் சத்தத்தை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். பெருமூச்சு விட்டது நான்தான் என்று நினைத்திருந்தேன்.

மூடியைப் புரட்டிப் பார்த்தேன். பளபளக்கும் புதிய குரோம் மூடி. காற்று உள்ளே போக அதில் ஒரு துளைகூட இல்லை. மூச்சுக்குழாய் தனியாக வைத்த டேங்குக்கான மூடி அது, என் டேங்குக்கோ மூடிதான் மூக்கு. எண்ணெய் டின்னில் ஒரு துளை போட்டால் ஒழுங்காக ஊற்றாது, எதிர்ப்பக்கம் இன்னொன்று போடவேண்டும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். டின் விஷயத்தில்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதில்தான் வயிறு எரிந்தது. இந்த வண்டியில் பம்ப் கிடையாது, பெட்ரோல் தன் எடையால் இறங்குகிறது. டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் இடையே 30 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால், அந்தப் பெட்ரோலின் அழுத்தம் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 2 சதவீதம். அதாவது டேங்குக்குள் காற்றழுத்தம் 2 சதவீதம் குறைந்தாலே வரத்து நின்றுவிடும். பாதி டேங்கில் 6 லிட்டர் காற்று இருந்தால், 120 மில்லி பெட்ரோல் இறங்குவதற்குள் அந்தக் குறைவு வந்துவிடலாம். என் மூடியின் ரப்பர் வளையம் கொஞ்சம் கசிந்ததால்தான் பதினொரு கிலோமீட்டராவது ஓடியிருக்கிறது. டேங்க் நிறைந்திருந்தால் காற்றுக்கு இடம் குறைவு, இன்னும் சீக்கிரம் நிற்கும். நிரப்பிய அன்றெல்லாம் சீக்கிரம் நின்றது. நானோ பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று பங்க் ஊழியரிடம் சண்டைக்குப் போனேன். அந்தப் பையனின் முகம் இப்போது கண்முன் வந்து நிற்கிறது.

பத்து நிமிடம் நின்றால் ஏன் ஓடியது? கசிவு வழியாகக் காற்று மெல்ல உள்ளே போயிருக்கிறது. அதே பத்து நிமிடத்தில் காயிலும் ஆறும், எஞ்சினும் ஆறும், நானும் ஆறுவேன். யார் சொன்னதும் பொருந்தியது. ஒவ்வொரு பழுதுபார்ப்புக்கும் முன்னால் ஒழுக்கமான மனிதனாக மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தேனே, அதிலேயே வண்டி சரியாகிக்கொண்டிருந்தது. மாலை மரியாதை மட்டும் கார்புரேட்டருக்குப் போனது.

மூடியை வாங்கியது யார் என்று கேட்காதீர்கள். நசுங்கிய பழைய மூடி அசிங்கமாக இருக்கிறது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. புதிய மூடி வந்த அட்டையில் பளபளப்பைப் பற்றி ஐந்து வரி எழுதியவனுக்கு, துளை இல்லை என்று அரை வரி எழுத மை தீர்ந்துவிட்டதா?

பழைய மூடியை இழுப்பறையிலிருந்து தேடி எடுத்து, அதன் துளையில் ஊதிப் பார்த்து, மாட்டினேன். 40 கிலோமீட்டர் ஓட்டினேன். ஒரு கமறல் இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினால் பெட்ரோல் வாடை. குனிந்தேன். ஏழு முறை திறந்து மூடியதில் மிதவைக் கிண்ணத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் கிழிந்து, சொட்டு... சொட்டு... என்று ஒழுகுகிறது. டேப்பை மூடிவிட்டுத் திருப்புளியை எடுத்தேன். நான்கு திருகில் மூன்று கழன்றுவிட்டன. நான்காவதன் தலை என் கைங்கரியத்தில் தேய்ந்து, காசு மாதிரி வழவழவென்று இருக்கிறது. திருப்புளி அதன்மேல் சுகமாகச் சுழல்கிறது.

காலையில் கேட்டாரே, அவர் இப்போது வரட்டும். கார்புரேட்டரைக் கழற்றத்தான் வேண்டும் ஐயா. கழற்றிக் கொடுங்கள்.